டாக்டர் ஹாலோவெல் இறந்த பிறகு கொடுத்த மருந்து

1

இந்தக் கதை கட்டுரையாகத்தான் பிறந்தது. அதைக் கதையாக்கிய பழி எங்கள் சங்கத்தின் பொன்விழா மலர்க் குழுவைச் சேரும்.

நான் பிசிஷியன் அசிஸ்டென்ட், சுருக்கமாக பி.ஏ. "எம் பொண்ணு அங்க ஒரு டாக்டருக்கு பி.ஏ.வா இருக்கா" என்று என் அம்மா சொல்லப்போக, நான் யாரோ ஒரு டாக்டருக்குக் கடிதம் டைப் அடித்துக் கொடுத்துக்கொண்டிருப்பதாக மயிலாடுதுறையில் பாதிப் பேர் இன்னும் நம்புகிறார்கள். நம்பிவிட்டுப் போகட்டும். நோயாளியைப் பரிசோதிப்பேன், என்ன நோய் என்று சொல்வேன், தையல் போடுவேன், மருந்து எழுதுவேன். அமெரிக்காவின் தெற்கே, [மாநிலத்தின் பெயர் இங்கே இருந்தது. அடித்துவிட்டேன். சங்கத்துக்கு வக்கீல் உண்டு.] கடலோரத்துச் சதுப்பு நிலத்தில் இத்தனை வருஷமாக எனக்கு இதுதான் வேலை.

"நீங்கதான் கதையெல்லாம் எழுதுவீங்களே, நம்ம பி.ஏ. சங்கத்து வரலாற்றை ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்க" என்று மலர்க் குழுவின் தலைவி கோர்ட்னி கேட்டாள். எழுதிக் கொடுத்தேன். ஒரு பத்தி வெட்டுப்பட்டுத் திரும்பி வந்தது. வெட்டிய இடத்தில் 'சில ஆரம்பகாலச் சிரமங்களைக் கடந்து' என்று ஒட்டுப் போட்டிருந்தார்கள். அந்தச் சிரமத்துக்கு ஒரு பெயர் உண்டு. வெர்லன் டாட்லாக். அவர் என் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் உயிரோடு இருக்கிறார்.

கோர்ட்னிக்குப் போன் போட்டேன்.

"வெர்லன் கதை நம்ம எல்லாருக்கும் தெரியும்ங்க. ஒவ்வொரு மாநாட்டுலயும் ராத்திரி அதைத்தானே பேசிட்டு உட்கார்ந்திருக்கோம். அச்சுல மட்டும் வேண்டாமே. விழாவுக்கு கவர்னர் ஆபீஸ்லேர்ந்து வராங்க."

"அப்ப வாயில இருக்கலாம், தாள்ல இருக்கக்கூடாது?"

"ஏன் கோவப்படறீங்க? அவரை யாரும் தப்பா சொல்லலியே."

"நல்லதாவும் சொல்லலியே."

"நல்லதைச் சொன்னா, நாம செஞ்சதையும் சொல்லணும்ல" என்றாள் அவள். கெட்டிக்காரி. போனை வைத்துவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன். தமிழில் எழுதுவதற்கு ஒரு காரணம், மலர்க் குழுவில் யாருக்கும் தமிழ் தெரியாது. இன்னொரு காரணம், திட்டுவதற்கு எனக்கு இந்த மொழிதான் வசதி.

2

முதல் தொடக்கம்:

'வியட்நாமின் சேற்று ஆறு ஒன்றில், துப்பாக்கிச் சத்தத்துக்கு நடுவே, கடற்படை மருத்துவப் பணியாளன் வெர்லன் டாட்லாக் தன் நண்பனின் வயிற்றை இரு கைகளாலும் பொத்தி—'

நிறுத்திவிட்டேன். எங்கள் தொழிலைப் பற்றி எழுதுகிற எல்லோரும் இங்கேதான் ஆரம்பிக்கிறார்கள். ஆங்கிலத்தில் சொல்லிக் காட்டியதும் வெர்லனே சலித்துக்கொண்டார்: "அந்த ஆத்தை விடுங்க, அம்மணி. பாதி நாள் நான் அங்க சேத்துப்புண்ணுக்குக் களிம்பு தடவிக்கிட்டுத்தான் இருந்தேன்."

இரண்டாம் தொடக்கம்:

'அறுபதுகளில் கிராமங்களுக்கு டாக்டர் கிடைக்கவில்லை. கடற்படையில் மருத்துவம் பழகியவர்களோ ஊர் திரும்பி லாரி ஓட்டிக்கொண்டிருந்தார்கள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தைந்தில் ஒரு பல்கலைக்கழகம் அப்படிப்பட்ட நாலு பேரைச் சேர்த்துப் பாடம் தொடங்கியது. மூன்று பேர் தேறினார்கள். அறுபத்தெட்டில் தேசியச் சங்கம். பிறகு மாநிலம் மாநிலமாகச் சங்கங்கள், சட்டங்கள், தேர்வுகள்...'

இது மலருக்கு எழுதியது. ஒரு பொய்யும் கிடையாது, ஒரு மனிதரும் கிடையாது. ஆனால் இதில் நான் எழுதாமல் விட்ட ஒன்று உண்டு, அது தெரியாவிட்டால் மேலே போகமுடியாது. பி.ஏ. என்பவர் ஒரு டாக்டரின் உரிமத்தின் கீழ் வேலை செய்கிறவர். அந்தக் காலத்தில் அது அப்பட்டமாக அப்படித்தான். டாக்டர் இருக்கும் வரை உனக்குக் கை உண்டு. டாக்டர் போனால், நீ எவ்வளவு கற்றிருந்தாலும் தெருவில் போகிற ஆள்தான். அதற்குமேல் யாரையாவது தொட்டு வைத்தியம் பார்த்தால் போலீஸ் வரும்.

மருந்து எழுதும் உரிமையும் அப்போது பி.ஏ.வுக்குக் கிடையாது. டாக்டருக்கோ ஒவ்வொரு சீட்டிலும் வந்து கையெழுத்துப் போட நேரம் கிடையாது. அதனால் ஒரு வழக்கம் வந்தது. டாக்டர் வெற்று மருந்துச் சீட்டுப் பேடு முழுவதிலும் முன்கூட்டியே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுவார். மருந்தின் பெயரையும் தேதியையும் பி.ஏ. நிரப்பிக்கொள்வார். எல்லோரும் செய்தார்கள். எல்லோருக்கும் தெரிந்திருந்தது. சட்டப்படி அது குற்றம்.

3

வெர்லன் யாருடைய உரிமத்தின் கீழ் வேலை பார்த்தாரோ அந்த டாக்டர் ஹாலோவெல், ஐம்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், சாப்பிட்ட கையோடு, தன் நாற்காலியிலேயே செத்துப்போனார். வெர்லன் அவர் மார்பை அழுத்திக்கொண்டே இருந்தார். வரவேற்பில் இருக்கும் மிஸ் ஒலீட்டா வந்து தோளைத் தொட்டு, "போதும் வெர்லன், விலா எலும்பெல்லாம் நொறுங்கிடும்" என்று சொன்ன பிறகுதான் நிறுத்தினார். ஞாயிறு அடக்கம்.

திங்கட்கிழமை, தன் சாமான்களை எடுத்துப் போகத்தான் வெர்லன் கிளினிக்குக்கு வந்தார். கூடம் நிறைந்திருந்தது. டாக்டர் செத்தது எல்லோருக்கும் தெரியும், முந்தின நாள் சர்ச்சில் அழுதவர்கள்தான். ஆனால் திங்கட்கிழமை இருமல் இருமல்தானே.

"போங்க, எல்லாரும் வீட்டுக்குப் போங்க. நான் இனிமே யாரையும் பாக்கக் கூடாது" என்றார் வெர்லன்.

"அதை நீ ரூபர்ட்கிட்ட சொல்லு. அவன் மூச்சு விடற லட்சணத்தைப் பாத்துட்டுச் சொல்லு" என்றார் மிஸ் ஒலீட்டா.

[இந்த இடத்தில் முதலில் நான் ஒரு குழந்தையை வைத்திருந்தேன். நீலக் கண், காய்ச்சல், பொம்மை. படித்தால் கல்லும் கரையும். வெட்கமாக இருந்தது, எடுத்துவிட்டேன். அன்றைக்கு அங்கே இருந்தது ரூபர்ட் கஹூன். அவரைப் பார்த்து யாரும் கரையமாட்டார்கள்.]

ரூபர்ட் கஹூன் நண்டுப் படகு வைத்திருந்தவர். பக்கத்து நிலத்துக்காரரோடு வழக்கு, சொந்த மகனோடு வழக்கு. வெர்லன் வந்த நாளிலிருந்து, "அந்தப் பாதி டாக்டர் என் சட்டையைத் தொடக்கூடாது" என்று சொல்லி, எவ்வளவு நேரமானாலும் ஹாலோவெல்லுக்காகவே காத்திருந்து காட்டிக்கொண்டு போகிறவர். அவருக்குத்தான் உதடு நீலம் பாரித்திருந்தது. நுரையீரலின் அடிப்பாகத்தில் நிமோனியா கரகரத்தது.

"பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகணும், மிஸ்டர் கஹூன். வண்டியக் கூப்பிடறேன்."

"எந்த வண்டி?"

அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்துச் சிற்றூர்களில் ஆம்புலன்ஸ் என்று தனியாக ஒன்று இல்லை. சவ அடக்கம் செய்கிறவர்களின் வண்டிதான் நோயாளியையும் ஏற்றிக்கொண்டு போகும்.

"நேத்து டாக்டரைப் படுக்க வெச்ச இடத்துல என்னைப் படுக்க வெப்பியா? அதுக்கு இங்கயே சாகறேன். நாற்காலியாவது காத்தாட இருக்கு."

வெர்லன் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தார். எடுத்த டாக்டர் மரியாதையாகப் பேசினார். ஆளைக் கொண்டுவந்தால் பார்ப்பாராம். வர மறுக்கிற ஆளுக்கு, தான் பார்க்காத ஒருவர் சொல்லை நம்பித் தன் பெயரில் மருந்து தரமாட்டாராம். அவர் சொன்னதில் தவறு இல்லை என்று வெர்லன் இன்றைக்கும் சொல்கிறார். கிளினிக் அலமாரியில் பென்சிலின் இருந்தது. ரூபர்ட்டுக்குப் பென்சிலின் போட்டால் தொண்டை வீங்கிவிடும். வேறு மருந்து வேண்டும், அது மருந்துக்கடையில்தான் இருக்கிறது. மருந்துக்கடைக்குச் சீட்டு வேண்டும்.

ஹாலோவெல்லின் மேஜை இழுப்பறையில் பேடு இருந்தது. பாதிக்குமேல் மிச்சம். ஒவ்வொரு தாளின் அடியிலும் அவருடைய கையெழுத்து.

வெர்லன் ஒரு தாளில் மருந்தை எழுதினார். தேதி எழுதினார். திங்கட்கிழமையின் தேதி.

4

இங்கே என் கதாபாத்திரத்தை நான் நம்பவில்லை. நானாக இருந்தால் வெள்ளிக்கிழமை என்று போட்டிருப்பேன். நீங்களும்தான். ஒரு எண்ணை மாற்றினால் சீட்டு செல்லும், டாக்டர் உயிரோடு இருந்தபோது எழுதியதாகிவிடும், யாரும் எதையும் நிரூபிக்க முடியாது. கதையின் வசதிக்காக மனிதர்களை முட்டாளாக்குவது எனக்குப் பிடிக்காது. இந்தப் பகுதியை மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன். ஒன்றில் அவர் பதற்றத்தில் மறந்துவிடுகிறார். ஒன்றில் மிஸ் ஒலீட்டா தேதியை—

வேண்டாம். மருந்துக்கடையில் நடந்ததை அப்படியே தருகிறேன். கடைக்காரர் பாஸ்நைட் சாகும்வரை இதை எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

பாஸ்நைட் சீட்டை வாங்கினார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார், இறக்கினார்.

"வெர்லன், இன்னைக்கு என்ன கிழமை?"

"திங்கள்."

"நேத்து நான் எங்க இருந்தேன்?"

"என்கூட, டாக்டரோட பெட்டியைத் தூக்கிக்கிட்டு. பெட்டிக்கு முன்னால நீங்க, பின்னால நான்."

"எனக்கு இன்னும் தோள்பட்டை வலி போகலை. அதுக்குள்ள அவரு எழுந்து வந்து கையெழுத்துப் போட்டுட்டாரா?"

"முன்னாடியே போட்டு வெச்சதுதான். உங்களுக்குத் தெரியாததா?"

"தெரியாம என்ன. நீ எழுதி, அவரு கையெழுத்தோடதானே எனக்குச் சீட்டே வந்துக்கிட்டிருந்தது. அது இல்ல விஷயம், தம்பி. தேதியை மாத்து. வெள்ளிக்கிழமைன்னு போடு. காலைல அவரு உயிரோடதான் இருந்தாரு."

"வெள்ளிக்கிழமை ரூபர்ட்டுக்குக் காய்ச்சல் இல்ல."

"அது யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும்."

"நீ மாத்தலைன்னா ரெண்டு பேருக்கும் கஞ்சி போயிடும். உன் தொழில் போகும், என் கடை போகும்."

"அப்ப குடுக்காதீங்க."

பாஸ்நைட் அவரை முறைத்துக்கொண்டே நின்றார். "இந்தப் பிடிவாதத்துக்கு என்கிட்ட மருந்து இல்ல" என்றார்.

"நிமோனியாவுக்கு இருக்குல்ல. அதைக் குடுங்க."

பாஸ்நைட் கொடுத்தார். திட்டிக்கொண்டேதான் கொடுத்தார்.

போன மாதம் வெர்லனின் சமையலறையில் உட்கார்ந்து நேராகவே கேட்டேன். அவர் வேகவைத்த வேர்க்கடலையை உரித்துத் தின்றுகொண்டே தொலைக்காட்சியில் பேஸ்பால் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏன் மாத்தலை?"

"தாள் அவரோடது. கையெழுத்து அவரோடது. கிளினிக் அவரோடது. அந்தச் சீட்டுல என்னோடதுன்னு இருந்தது நான் கண்டுபிடிச்ச நோயும், கண்டுபிடிச்ச நாளும்தான். அதையும் அவருக்கே எழுதிக் குடுக்கணுமா?"

"அது மட்டும்தானா?"

"கோவமும்தான். சொல்லாம கொள்ளாம செத்துட்டாரேன்னு கோவம். எழுதிக்கோங்க."

எழுதிக்கொண்டேன். இப்போது நம்புகிறேன்.

5

காட்டிக்கொடுத்தது ஒரு பகைவன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. உண்மையில் நடந்தது அதைவிட மோசம். ரூபர்ட் கஹூன் பிழைத்துக்கொண்டார், பிழைத்ததில் மனம் மாறி ரசிகராகிவிட்டார். "செத்தவர் கையெழுத்துல உயிர் பிழைச்ச ஒரே ஆள் நான்தான்" என்று படகுத்துறையில், தீவனக் கடையில், முடிதிருத்தும் கடையில், எங்கே உட்கார்ந்தாலும் பெருமையடித்தார். பெருமை பரவி, உரிமங்களைக் கண்காணிக்கும் மாநில மருத்துவ வாரியத்தின் காதுக்கு எட்டியது.

சரியாக அந்த நேரத்தில்தான் எங்கள் சங்கம் பிறந்து தவழ்ந்துகொண்டிருந்தது. உறுப்பினர்கள் ஒரு நீள மேஜைக்குள் அடங்குவார்கள். அலுவலகம் கிடையாது. ஒரு பன்றி வறுவல் கடையின் பின்னறையில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கூடுவார்கள். தலைவர் எல்டன் ஃபேர்க்ளாத். அவரும் கடற்படையிலிருந்து வந்தவர்தான். [எல்டனை வில்லனாக்க முயன்றேன். ஒவ்வொரு வரைவிலும் மனிதர் நழுவிவிடுகிறார். ஏனென்றால் அவரிடம் நியாயம் இருந்தது.]

"உன்மேல தப்புன்னு நான் சொல்லல, வெர்லன்" என்றார் எல்டன். "நம்ம தொழிலுக்கான மசோதா சட்டசபைக்கு வரப்போகுது. அது ஜெயிச்சா மருந்தை நம்ம பேர்லயே எழுதலாம். ஒரு டாக்டர் செத்தா இன்னொருத்தர் பேர்ல வேலையைத் தொடரலாம். உனக்கு நடந்தது இனி யாருக்கும் நடக்காது. ஆனா உன்னை உள்ள வெச்சுக்கிட்டுப் போய் அதைக் கேட்டா, 'பொணத்தோட கையெழுத்துல மருந்து எழுதறவங்களுக்கா சட்டம்?'னு எதிர்க்கறவங்க நம்மளக் கிழிச்சுத் தொங்க விட்டுடுவாங்க."

"அதனால?"

"அதனால, நீ செஞ்சது நீ மட்டும் செஞ்சதுன்னு சங்கம் சொல்லணும். உன்னை நீக்கிட்டோம்னு வாரியத்துக்குத் தெரியணும்."

வெர்லனுக்குப் போகவிருந்தது வெறும் சங்க உறுப்பினர் அட்டை அல்ல. சங்கம் கைகழுவினால் அந்த மாநிலத்தில் எந்த டாக்டரும் அவரைச் சேர்த்துக்கொள்ளமாட்டார். அவருக்குத் தெரிந்த ஒரே தொழில், அவர் பிறந்த ஊரில், அந்த மத்தியானத்தோடு முடிந்துவிடும்.

"சரி. ஓட்டுக்கு விடுங்க. அதுக்கு முன்னால எல்லாரும் அவங்கவங்க பையைத் திறங்க" என்றார் வெர்லன்.

"எதுக்கு?"

"உங்களுக்கே தெரியும் எதுக்குன்னு."

தேநீர்க் குடுவையோடு உள்ளே வந்த பணிப்பெண் முகங்களைப் பார்த்துவிட்டு, "அப்புறமா வரேன்" என்று திரும்பிப் போனாள்.

மலைப்பக்கத்திலிருந்து வந்திருந்த ஒரு பெரிய ஆள்தான் முதலில் பையைத் திறந்தார். ஒரு பேடை எடுத்து மேஜைமேல், முட்டைக்கோஸ் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்தார். ஒவ்வொரு தாளிலும் அவருடைய டாக்டரின் கையெழுத்து. அடுத்தவர் வைத்தார். அதற்கு அடுத்தவர். வினிகர்ப் புட்டிக்கும் எலும்புத் தட்டுகளுக்கும் நடுவே பேடுகள் சேர்ந்துகொண்டே போயின. கடைசியாக எல்டன் தன் கோட்டின் உள்பையிலிருந்து எடுத்தார்.

"உங்க டாக்டர்கள் சாகல. என் டாக்டர் செத்துட்டாரு" என்றார் வெர்லன். "நமக்குள்ள வித்தியாசம் அவ்வளவுதான். இதை வாரியத்துக்கிட்ட சொல்லுங்க. அப்புறம் என்ன வேணா பண்ணுங்க."

6

முதல் முடிவு. எல்லோரும் எழுந்து நிற்கிறார்கள். பேடுகளைக் கட்டாகக் கட்டிச் சட்டசபைக்கே எடுத்துப் போகிறார்கள். 'எங்கள் எல்லோரையும் கைது செய்யுங்கள்' என்று எல்டன் முழங்குகிறார். இதை எழுதும்போது எனக்குக் கண்ணீர் வந்தது. நான் எழுதுவதைப் படித்து நானே அழுதால் அங்கே ஏதோ பொய் இருக்கிறது என்று அர்த்தம். அடித்துவிட்டேன்.

இரண்டாம் முடிவு, மலர்க் குழுவுக்குப் பிடித்திருக்கக்கூடியது. 'சங்கத்தின் நலன் கருதித் தாமாகவே விலகிய பெருந்தகை.' வெர்லனிடம் வாசித்துக் காட்டினேன். சிரித்துப் புரையேறிவிட்டது. "நானா? வெளிய தள்ளற வரைக்கும் உட்கார்ந்து பன்னிக்கறி தின்னுக்கிட்டிருந்தேன்."

மூன்றாவது, நடந்தது. எல்டன், "நீக்கறதுக்கு ஆதரவா?" என்று கேட்டார். பேடை எடுத்து வைத்த அதே கைகள் ஒவ்வொன்றாக மேலே போயின. சில பாதிதான் போயின, ஆனாலும் போயின.

"எதிரா?"

வெர்லன் கையைத் தூக்கினார்.

"உனக்கு ஓட்டு இல்ல, வெர்லன்."

"இருக்கு. நீங்க நீக்கி முடிக்கற வரைக்கும் நான் உறுப்பினர்தான். எழுதுங்க. எதிரா ஒருத்தர்."

எல்டன் எழுதிக்கொண்டார். மறுநாள் திங்கட்கிழமை, அவரவர் ஊரில் நோயாளிகள் காத்திருப்பார்கள். எல்லோரும் மேஜைமேலிருந்து தங்கள் பேடை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டு கிளம்பினார்கள்.

7

இதற்குப் பிறகு நான் சொல்லப்போவது எனக்குப் பிடிக்காத உண்மை. மசோதா ஜெயித்தது. எல்டன் சொன்னது சொன்னபடி நடந்தது. நான் இன்று என் பெயரில் மருந்து எழுதுகிறேன். எனக்கும் ஒரு டாக்டர் செத்துப்போனார். மறுநாள் காலை இன்னொருவர் பெயரின் கீழ் வேலையைத் தொடர்ந்தேன், ஒருவரும் என்னை ஒரு கேள்வி கேட்கவில்லை. வெர்லன் வடக்கே, வேறு மாநிலத்தின் பனிக்கு நடுவே, டாக்டர்கள் எட்டிப் பார்க்காத ஊர்களில் கிழவராகும்வரை வேலை பார்த்துவிட்டுச் சொந்த ஊருக்குத் திரும்பினார். அவருடைய அம்மாவின் அடக்கத்துக்கு அவரால் வரமுடியவில்லை. அதை எங்கள் வரலாற்றில் எந்தப் பத்தியில் சேர்ப்பது?

சனிக்கிழமை பொன்விழா. பொதுக்குழுவில் ஒரு தீர்மானம் கொண்டுவரப் போகிறேன். அவரை மன்னித்துச் சேர்த்துக்கொள்வதாக எழுதியிருந்தேன். வெர்லன் வாசித்துவிட்டுத் தாளை வேர்க்கடலைத் தொலிமேல் போட்டார்.

"மன்னிப்புன்னு கொண்டு வந்தீங்கன்னா நானே வந்து எதிர்த்துக் கையத் தூக்குவேன்."

"வேற என்னதான் எழுதறது?"

"நாங்க எல்லாரும்தான் செஞ்சோம்னு எழுதுங்க. அன்னைக்கு நான் கேட்டதும் அதைத்தான்."

அப்படியே மாற்றி எழுதிவிட்டேன். கோர்ட்னி காலையிலிருந்து போன் செய்துகொண்டிருக்கிறாள், நான் எடுக்கவில்லை. தீர்மானம் ஜெயிக்குமா என்று எனக்குத் தெரியாது. ஜெயித்தாலும் தோற்றாலும் அதை இந்தக் கதையின் முடிவாக எழுதமாட்டேன். இன்றைக்குக் கை தூக்குவதில் யாருக்கும் ஒன்றும் போகாது. முடிவு அந்தப் பின்னறையிலேயே இருக்கிறது.

அதனால் நீங்கள் அங்கே போய் உட்காருங்கள். ஒரு நாற்காலி காலியாக இருக்கிறது. நோயாளிகள் உங்கள் ஊரிலும் காத்திருக்கிறார்கள். மசோதா ஜெயித்தால் அவர்களுக்கு நல்லது, உங்களுக்கும் நல்லது. உங்கள் பேடும் மேஜைமேல்தான் கிடக்கிறது, வெர்லன் அதைப் பார்த்துவிட்டார். எல்டன் கேள்வியைக் கேட்டு முடித்துவிட்டார். எல்லோரும் உங்கள் கையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.